திவானின் பேரில்

"இல்லை டாக்டர், அதுக்கு இன்னும் சரியாகலை. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துடும்," என்றாள் வசுமதி.

மேஜைமேல் நின்றிருந்த திவான் இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டது.

ஆறு கிலோ எடையுள்ள வெள்ளைப் பூனை. அதன் நெஞ்சு சுத்தமாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று மிருக வைத்தியர் லாஹிரி அப்போதுதான் சொல்லியிருந்தார். வசுமதியின் கணவர் சேஷாத்ரியின் கை உடனே சட்டைப் பைக்குப் போயிருந்தது. அதில் பிரிக்காத சிகரெட் பாக்கெட் ஒன்று இருந்தது.

லாஹிரி மறுபடி ஸ்டெதஸ்கோப்பைத் திவானின் விலாவில் வைத்தார். "அப்புறம்?"

"மார்ல விசில் மாதிரி சத்தம். ஜன்னல் பக்கம் போனாத்தான் மூச்சு வரும்."

"நானும் அதே ரூம்லதானே படுத்துண்டிருக்கேன்?" என்றார் சேஷாத்ரி தமிழில். "எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே!"

"நீங்க படுத்தாத்தான் கட்டையாச்சே."

அதை அவர் மறுக்கவில்லை.

ஆறு மாதம் முன்பு, சித்திரை வெயிலில், திவான் வாயைத் திறந்துகொண்டு துருத்திபோல் இழுத்த அன்று சேஷாத்ரி அதை மடியில் போட்டுக்கொண்டு டாக்ஸியில் வந்தார். வழியெல்லாம் அழுதார். கல்கத்தாவில், அலிப்பூர் ஆபீஸில் நாற்பது குமாஸ்தாக்களை நடுங்க வைக்கும் அதிகாரி அவர். பூனைக்கு ஆஸ்துமா என்று சொல்லி லாஹிரி ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குள் சிகரெட் கூடாது. சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் கூடாது. வாசனைப் பவுடர் கூடாது. துடைப்பத்தால் தூசி கிளப்பக் கூடாது.

டெல்லியிலிருந்து வந்த சர்குலருக்குக்கூட சேஷாத்ரி அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. ஆபீஸில் மூன்று பிரதி டைப் அடிக்கச் சொன்னார். ஒன்று ஃப்ரிட்ஜின்மேல், ஒன்று வாசற்கதவில், ஒன்று ஃபைலில்.

இருபது வருடமாகக் கட்டிலில் சாய்ந்தபடியே புகைத்தவர், அன்றிலிருந்து மூன்று மாடி இறங்கித் தெருவில் நின்று புகைத்தார். மழையில் குடை பிடித்துக்கொண்டும் புகைத்தார்.

பெருமாளுக்கு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி நின்றுபோனது. "பெருமாள் புரிஞ்சுப்பார். திவான் புரிஞ்சுக்குமா?" என்றார்.

கீழ்வீட்டுப் பெண்மணி மாலையில் குங்கிலியம் போடுவதை நிறுத்தச் சொல்ல அவரே நேரில் போனார். பதினாலு வருடத்தில் அவர் கற்றிருந்த வங்காளம், மீன் வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டுமே போதும். அந்த அம்மாள் அவருக்கு மீன் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். வங்காளம் சரளமாகப் பேசும் வசுமதி போய் விளக்கிய பிறகுதான் புகை நின்றது.

இன்னும் பத்து நாளில் துர்கா பூஜை. லீவு முழுக்க சிநேகிதர்கள் வீட்டுக்குச் சீட்டாட வருவார்கள். நாலு பேர், நாலு ஆஷ்டிரே. பூனை குணமாகிவிட்டது என்று லாஹிரி எழுதிக் கொடுத்துவிட்டால், ஃப்ரிட்ஜின்மேல் இருக்கும் காகிதத்தைக் கிழிக்க வேண்டியதுதான் பாக்கி.

வசுமதி அந்தக் காகிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இழுக்கும்போது எப்படி இருக்கும்?" என்று கேட்டார் லாஹிரி.

"நிமிர்ந்து உட்கார்ந்துக்கும். படுத்தா அடைக்கும். முதுகுக்கு ரெண்டு தலையணை வேணும்."

சேஷாத்ரிக்குப் பெருமை தாங்கவில்லை. "தலையணை வெச்சுக்கறதா! சமர்த்துக் குட்டி!"

லாஹிரி ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினார். திவானைப் பார்க்கவில்லை. வசுமதியைப் பார்த்தார். அவருடைய கிளினிக்குக்கு இரண்டு மாடி ஏற வேண்டும். அவர்கள் வந்து கால் மணி நேரம் ஆகியும் அவள் தோள்கள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

சேஷாத்ரி அவர் பார்வையைக் கவனித்தார். "அவ எப்பவும் அப்படித்தான் டாக்டர். கல்கத்தா தண்ணி ஒத்துக்கலை."

அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த லாஹிரி, குரலைத் தாழ்த்தி வங்காளத்துக்கு மாறினார். அண்டை வீட்டு அண்ணியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

"பௌதி, மூச்சு முட்டினா பூனை எழுந்து உட்காராது. வயிறு தரையில ஒட்டக் குனிஞ்சு, கழுத்தை முன்னால நீட்டும். தலையணை கேக்கறது மனுஷங்க மட்டும்தான்."

வசுமதி திவானின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு."

"மனுஷ டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினேன். அவரும் இதே லிஸ்ட்டைத்தான் எழுதிக் கொடுத்தார்."

"அப்புறம்?"

"அதுல என் பேர் போட்டிருந்தது."

திவான் மேஜை விளிம்பில் உட்கார்ந்து, எந்தச் சத்தமும் இல்லாமல் மூச்சு விட்டது.

லாஹிரி சீட்டை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். நோயாளியின் பெயர் எழுதும் கோட்டின்மேல் முள் அப்படியே நின்றது.

சேஷாத்ரி பாக்கெட்டின் கண்ணாடித் தாளை நகத்தால் கீறத் தொடங்கியிருந்தார். "என்னடி சொல்றார்?"

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"திவான் பேர்லயே எழுதிடுங்க, டாக்டர்பாபு. எத்தனை நாளைக்குன்னு மட்டும் போடாதீங்க."