கலங்கல்

பையைப் பேப்பர் மேல் வைத்தார்.

எழுத்து தெரியவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார். கண்ணாடியின் மேல் தப்பில்லை.

இரவு முழுக்க வயிற்றுக்குள் கிடந்து, சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துவிட்டு, விடியலில் குழாய் வழியே பைக்குள் வடிந்த தண்ணீர். அடியில் இருக்கும் செய்தியைப் படிக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வயிற்றில் கிருமி. நாற்பது ஆண்டுகளாகப் பேப்பர் வாங்குகிறார். இந்த இரண்டு ஆண்டுகளாகத்தான் இவ்வளவு அக்கறையாகப் படிக்கிறார்.

எடை, ரத்த அழுத்தம், வடிந்த தண்ணீரின் அளவு, எல்லாவற்றையும் கட்டிலருகே இருக்கும் இயந்திரமே மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அவரை ஒரு வார்த்தை கேட்காது. தெளிவா கலங்கலா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதை அவர் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

அவரை நம்பியும் ஒரு வேலை.

பையைத் தலைப்புச் செய்திக்கு நகர்த்தினார். ம்ஹும்.

கண்ணீர் அஞ்சலிப் பக்கத்துக்குப் போனார். செத்தவர்களுக்குத்தான் பெரிய எழுத்து. கண்ணீர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அஞ்சலியைக் காணோம்.

போன தடவை கிருமி வந்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு முறை வந்தால் குழாயை எடுத்துவிடுவோம். பிறகு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள் போடியிலிருந்து மதுரை. ஆஸ்பத்திரி நாற்காலி. கையில் ஊசி. மிச்ச நான்கு நாளும் அந்த மூன்று நாளின் களைப்பு.

வயிறு லேசாக வலித்தது. நேற்றைய மொச்சைக் குழம்பின் மேல் பழியைப் போட்டார்.

போனில் நேற்று எடுத்த படம் இருந்தது. பளிங்கு மாதிரி பை.

அதை அனுப்பினார்.

ஒருநாள். ஒரே ஒருநாள். திருந்துவதற்குக் கிருமிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா?

பத்து நிமிடத்தில் அமலோற்பவம் சிஸ்டர் கூப்பிட்டார். மதுரையில் உட்கார்ந்தபடி, இவருடையதைப் போல அறுபது வயிறுகளைத் திரையில் பார்த்துக்கொள்பவர்.

“அப்பா, உங்க படத்துல பைக்கு அடியில வைகை அணை அம்பத்தெட்டு அடின்னு இருக்கு.”

“ஆமாம்மா.”

“இன்னைக்குப் பேப்பர்ல அம்பத்தொன்பதுல்ல போட்டிருக்கான்?”

தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டாம்.

அவர் சிரித்துப் பார்த்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

“வலிக்குதாப்பா?”

“லேசா.”

“இன்னைக்குப் பையைக் கொட்டிறாதீங்க. அதையும் எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வாங்க.”

“குழாய எடுத்துருவீங்களாம்மா?”

“முதல்ல வாங்கப்பா.”

இரண்டாவது என்ன என்று அவர் கேட்கவில்லை.

வாசலில் பால்காரரின் மணி. பாத்திரத்தோடு அடுப்படியிலிருந்து வந்த மனைவி, பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“மதுரைக்குப் போகணும். நாளைக்கு ஒருநாள் மட்டும் பால் வேணாம்னு சொல்லிரு.”

அவள் தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனாள்.

“நாங்க சொல்ற வரைக்கும் ஊத்த வேணாம்ணே.”