வேலியோரக் குழாய்

“அரசாங்கத் தண்ணி இப்படி ஓடுது. நீங்க நின்னு வேடிக்கை பாக்கறீங்க!”

ஆய்வுக்கு வந்த அதிகாரி கத்த, சாவடித் தலைவர் விறைத்து நின்றார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டே மாதம்.

எல்லையில் பன்னிரண்டு காவல் சாவடிகள். இந்த ஒன்றில் மட்டும் நான்கு வருடமாக ஓர் ஊடுருவல்கூட இல்லை. அந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்டு போகத்தான் அதிகாரி வந்திருந்தார்.

வந்த இடத்தில் கேமரா பழுது. மோப்ப நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. போதாக்குறைக்கு வேலியோரம் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒழுகிய தண்ணீர் முள்வேலிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கத்துக் குழியில் தேங்கியது. நாலைந்து பெண்கள் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

“ஸ்பேனர் எடுங்க. இப்பவே மூடணும்.”

“அது எங்கயோ போயிடுச்சு சார்.”

“உங்க பாக்கெட்ல நீட்டிட்டிருக்கிறது என்ன, பேனாவா?”

தலைவர் அசடு வழிய ஸ்பேனரை எடுத்து நீட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

“ஆக, திறந்து விடறதே நீங்கதான்! அடுத்த நாட்டுக்காரங்களுக்கு நம்ம தண்ணி! வேலை போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா?”

“அந்தப் பக்கம் அரசாங்கம்னு பேருக்குக்கூட ஒண்ணு இல்ல சார். கிணறெல்லாம் வத்திப்போச்சு. துப்பாக்கிக் கும்பல்தான் லாரியில தண்ணி கொண்டு வந்தாங்க. வீட்டுக்கு ஒரு ஆளைக் கும்பலுக்கு அனுப்பினாத்தான் தண்ணி. அப்படிப் போனவங்கதான் வேலி தாண்டி வந்து நம்மாளுங்களைச் சுட்டாங்க. என் தங்கச்சி புருஷனும் அதுலதான் போனாரு.”

அதிகாரி வேலிக்கு அந்தப் பக்கம் குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்தார்.

“குழாய் ஒழுக ஆரம்பிச்சதுக்கப்புறம் அந்த ஊர்ல லாரியை யாரும் சீந்தறதில்ல சார். கும்பலுக்கு ஆளும் போறதில்ல.”

அதிகாரி ஸ்பேனரைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றிலிருந்து தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. தங்கைக்கும் அவள் குழந்தைகளுக்கும் அவர் சம்பளம்தான் கதி. பத்தாம் நாள் தலைமையகத்திலிருந்து எல்லாச் சாவடிகளுக்கும் உத்தரவு வந்தது. தலைவர் உறையைப் பிரித்தார்.

‘ஆய்வு முடிவு: பதினொரு சாவடிகளில் வேலியோரக் குழாய் ஒழுகவில்லை. உடனே சரிசெய்யவும்.’