கழுவித் தந்த துண்டு

மிளகாய் வறுபடும் நெடியில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடியும் அடுப்பின் முன் நின்றார்.

படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"தீயைக் குறைங்க. கருகுது."

படுத்தபடியே வாசனையை வைத்துச் சொல்கிறாள். சட்டிக்குள் குனிந்து பார்த்தார். மிளகாயின் முதுகு கறுக்கத் தொடங்கியிருந்தது.

குறைத்தார்.

காய்ச்சலில் விழுந்ததிலிருந்து அந்தக் குரலில் இவ்வளவு அதிகாரத்தை அவர் கேட்கவில்லை. திட்டினால்கூடச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

காய்ச்சல் விட்டுவிட்டது. நாக்குதான் செத்துப்போயிருந்தது. கடை இட்லியைப் பிய்த்துத் தட்டில் பரப்பிவிட்டு, சாப்பிட்டாயிற்று என்பாள். கஞ்சி ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். கையைத் தூக்கினால் வளையல் முழங்கைவரை ஓடுகிறது. அதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை அவளாகவே கேட்டாள்.

"எங்க ஊருக் கோழிக் கொழம்பு வச்சுத் தாரீங்களா?"

கேட்டுவிட்டாள். அது போதும். வெந்நீரையும் கஞ்சியையும் தவிர வேறெதையும் காய்ச்சிப் பழகாத மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அவளுடைய ஊர் சாத்தூர்ப் பக்கம். அவர் நாகர்கோவில். தேங்காயில் வளர்ந்த நாக்கு.

கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்து. பக்கத்தில் அவள். எதிரே அவள் வீட்டுச் சனம் மொத்தமும். அவளுடைய அண்ணன் செண்பகராஜ் குழம்பில் துழாவி, கோழிக்காலைத் தேடி எடுத்து, மாப்பிள்ளை இலையில் வைத்தார்.

முதல் வாயிலேயே காது மடல் சிவந்துவிட்டது.

துப்பவும் முடியாது. விழுங்கவும் முடியாது. மாப்பிள்ளை சாப்பிடுகிற அழகைப் பார்க்க அத்தனை கண்கள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. அவர் இலையிலிருந்து கோழிக்காலை எடுத்தாள். தன் டம்ளர் தண்ணீரில் முக்கி அலசினாள், பல் முளைத்த பிள்ளைக்குச் செய்வதுபோல. திரும்ப அவர் இலையில் வைத்துவிட்டு, தன் சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.

பந்தி மொத்தமும் சிரித்தது. இன்றைக்கும் அந்த ஊரில் அவருக்குக் கழுவித்தின்னி மாப்பிள்ளை என்றுதான் பெயர்.

அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கும். அந்த டம்ளருக்குள் அவள் விரல்கள் அலைந்தபோதுதான், இவள் என் மனைவி என்று முதல் தடவையாகத் தோன்றியது. இதை அவளிடம் அவர் சொன்னதே இல்லை.

அப்புறம் குடித்தனம். வீட்டில் ஒரே சட்டி. அவள் மிளகாயைக் குறைத்தாள். தேங்காய்ப்பாலைக் கூட்டினாள். தனக்கென்று ஒரு மிளகாயை வறுத்துத் தட்டோரம் வைத்துக்கொள்வாள். கடித்துக்கொண்டே, "இதெல்லாம் ஒரு கொழம்பா" என்று அலுத்துக்கொள்வாள்.

அந்த மிளகாய் தட்டோரத்திலிருந்து எப்போது காணாமல் போனது?

கரண்டியும் கையுமாக நின்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

இன்று குறைக்கப்போவதில்லை. அவள் சொன்னதற்கு மேல் ஒரு பிடி மிளகாய் சேர்த்து அரைத்தார். தேங்காயை உடைக்கவே இல்லை. சின்னத் தீயில் குழம்பு சிவந்து, சுண்டி, எண்ணெய் பிரிந்து வந்தது. வீடே அவள் ஊர் மாதிரி மணத்தது.

தலையணையைச் சுவரோடு சாய்த்து அவளை உட்கார வைத்தார். தட்டை மடியருகே கொண்டுவந்ததும் கண்ணை மூடி வாசம் பிடித்தாள். பழைய சிரிப்பு வந்தது. அவளே பிசைந்தாள். முதல் வாய் வைத்தாள்.

மெல்லவில்லை.

வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். கண் நிறைந்தது. எப்படியோ விழுங்கினாள். அடுத்த வாயைப் பிசைந்தாள். கை மேலே வரவில்லை.

மாத்திரை வாயைப் புண்ணாக்கியிருக்கும். இல்லை, இத்தனை வருஷம் அவர் தட்டில் விழுந்ததுதானே அவள் தட்டிலும் விழுந்தது.

"எங்க வீட்டு ருசியேதான்," என்றாள். "என்னாலதான் திங்க முடியல."

பிறந்த வீட்டிலிருந்து இனி எதுவும் மிச்சமில்லை என்பதுபோலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு செய்துவிட்டவர்போல அவர் நின்றார். பசியோடு அவளாகக் கேட்டது இது ஒன்றுதான். இதுவும் இறங்கவில்லை என்றால் வேறு என்ன தருவது?

போய் ஒரு கிண்ணம் வெறுஞ்சோறும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தார்.

தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்துக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார்.

தண்ணீரில் முக்கி அலசினார். தண்ணீர் சிவந்தது. மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

எலும்பை நீக்கி, நாராகப் பிய்த்து, கிண்ணத்துச் சோற்றில் வைத்து ஊட்டினார்.

மென்றாள்.

அவர் அவள் தொண்டையையே பார்த்தார். இறங்கியது.

மறுபடியும் வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியானது.

தட்டில் அவள் பிசைந்து வைத்த குழம்புச் சோறு அப்படியே இருந்தது. கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒரு வாய். இன்னொரு வாய்.

காது மடல் சிவந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

டம்ளரை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைத் திரும்ப அவள் பக்கமே நகர்த்திவிட்டு, அடுத்த வாயை எடுத்தார்.