ஃப்ரீசர் கதவு

“புது ஃப்ரீசர் போட்டும் கரண்ட் பில் இறங்கலையே மாப்ளே! இந்த மாசமும் இப்படின்னா பழசையே மாட்டிடுவேன்” என்று உறுமினார், மீன் கம்பெனி முதலாளியான மாமனார்.

அதை வாங்க வைத்த மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போனது. நேராக, மீனைப் பேக்கிங் செய்யும் அக்காவிடம் போனான்.

“கதவைத் திறந்து போட்டுட்டு அரட்டை அடிக்கிறது யாருக்கா? குளிரெல்லாம் வெளியே போகுது.”

“எங்க மேல பாயாதீங்க தம்பி. கதவுல மணி கட்டுங்க, ஆள் தானா மாட்டும்.”

கட்டினான். மறுநாளே மணி அடித்தது. ஓடினான்.

கதவை அகலத் திறந்து பிடித்தபடி விருந்தாளிகளிடம் மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார்: “உள்ளே பாருங்க, கரண்டே குடிக்காத ஃப்ரீசர்! எல்லாம் எங்க மாப்ளே மூளை!”

அக்கா கிசுகிசுத்தாள். “தினமும் ஒரு கூட்டம் வருது தம்பி. மூடச் சொல்லட்டுமா?”

“இன்னும் ரெண்டு நிமிஷம் போகட்டும்க்கா.”