போன வழியே திரும்பு

“சார், நீங்க பாட்டுக்கு லீவுல நிம்மதியா இருக்கீங்க. இங்க என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க போல!”

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் நின்றபடி அவள் போனில் படபடத்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு மேலே இருந்த ஒரே சீனியரோ லீவில்.

“முதல்ல மூச்சு விடும்மா. என்ன பண்ணினே?”

“ஸ்கேன் படமெல்லாம் இருக்கற சர்வர்ல இடம் பத்தலைன்னு காலையில அஞ்சாவதா ஒரு டிஸ்க்கைச் சேர்த்தேன். நாலு டிஸ்க்ல இருக்கறதை அஞ்சுக்கும் பிரிச்சு எழுத ஆரம்பிச்சுது. ஏழு சதவீதம் போனதும் புது டிஸ்க் மக்கர் பண்ணுது சார். ஒரு படமும் திறக்கலை. ஆபரேஷனுக்கு ஒருத்தரை ரெடியா வெச்சிருக்காங்க. ஸ்கேனைப் பார்க்காம கத்தியைத் தொட மாட்டேன்னு பெரிய டாக்டர் கத்தறாரு.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“சார்? தூங்கிட்டீங்களா?”

“இல்லம்மா. படுத்துக்கிட்டுதான் பேசறேன். சொல்லு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வேலை என்று ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, மனுஷர் பட்டப்பகலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்!

“பயப்படாதே. பாதியில நின்னா போன வழியே திரும்பி வந்துடலாம். டிஸ்க்கை மட்டும் பிடுங்கிடாதே. முதல்ல அன்மவுண்ட் பண்ணு, யாரும் படத்தைத் தொட முடியாதபடி. அப்புறம் டிஸ்க்கையெல்லாம் ஒண்ணாக் கோத்திருக்கற ரெய்டை நிறுத்து. மறுபடி கோக்கும்போது ‘ரிவர்ட் ரீஷேப்’னு, அதாவது போன வழியே திரும்புன்னு, சேர்த்து அடி.”

“இருக்கறதும் போயிட்டா சார்? எத்தனை பேரோட ஸ்கேன்!”

“போகாது. நான் சொல்றேன்ல? அவசரப்படாம ஒவ்வொரு எழுத்தா அடி. அடிச்சதை எனக்குப் படிச்சுக் காட்டு.”

அடித்தாள். படித்தாள். ஓர் இடத்தில் டிஸ்க்கின் பெயரைத் தப்பாக அடித்திருந்ததை அவர் காதாலேயே பிடித்துவிட்டார். திருத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு என்டரைத் தட்டினாள்.

கண்ணைத் திறந்தபோது சர்வர் சமர்த்தாக வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது.

“சார், திரும்புது!”

“இனிமே மவுண்ட் பண்ணலாம். அது பாட்டுக்குத் திரும்பட்டும். படத்தைத் திற.”

ஒரு நிமிடம். அடுத்த மேஜை போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டரில் ஸ்கேன் தெரிகிறதாம்.

“திறந்துடுச்சு சார்!” என்று கூவினாள்.

“அப்பாடா!” அவளைவிடப் பெரிய பெருமூச்சு அவரிடமிருந்துதான் வந்தது. “சரிம்மா, போனைப் பிடுங்க ஆள் வந்தாச்சு. வெச்சுடறேன்.”

வீட்டில் நல்ல கண்டிப்புதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

மாலையில் பெரிய டாக்டர் வராந்தாவில் வருவதைப் பார்த்ததும் ஓடிப்போய் எதிரில் நின்றாள்.

“காலையில என்னாலதான் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுடுங்க டாக்டர். அந்த பேஷன்ட் எப்படி இருக்கார்?”

“பிரமாதமா இருக்கார்,” டாக்டர் சிரித்தார். “மயக்கம் தெளிஞ்சதும் முதல் வேலையா, ‘அந்தப் பொண்ணு புது டிஸ்க்கைக் கழட்டிட்டாளா?’ன்னுதான் கேட்டார்.”