ஒரே முட்டைக்கு இத்தனை விசாரணை

கோழியின் முட்டையைத் தின்றதாகக் கீரி மேல் வழக்கு நடந்தது. சாட்சி போதாதென்று நீதிபதி ஆமை கீரியை விடுதலை செய்தது. கோழி விடவில்லை, அதே முட்டைக்காக மறுபடியும் வழக்குப் போட்டது. கீரி மலையேறிப்போய் பெரிய நீதிபதியான யானையிடம் முறையிட்டது.

"ஒருமுறை விசாரித்து விடுவித்தவனை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது" என்றது யானை. அதைத் தேக்கிலையில் எழுதி, தும்பிக்கை நுனியால் முத்திரையும் வைத்துக் கொடுத்தது.

இனி நிம்மதிதான் என்று கீரி இலையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இறங்கியது. வழியில் முள்ளம்பன்றியை நிறுத்தி வாசித்துக் காட்டியது.

"சரிப்பா, அப்போ தின்னது யாரு?" என்றது முள்ளம்பன்றி.

கீரி உட்கார்ந்து முதலிலிருந்து விளக்கியது. பிறகு ஆட்டுக்கு விளக்கியது. பிறகு தவளைக்கு. தவளை குறுக்கு விசாரணையே செய்துவிட்டது.

கீரியின் வளைக்குப் பக்கத்துப் புதரில் அது மலைக்குப் போயிருந்த நாட்களில் ஒரு கௌதாரி குடிவந்திருந்தது. "அண்ணே, இங்க தண்ணி எந்தப் பக்கம்?" என்று கேட்டது.

"அந்த முட்டைய நான் தின்னலம்மா" என்றது கீரி.

"எந்த முட்டைய?" என்ற கௌதாரி, தன் முட்டைகளின் மேல் இன்னும் இறுக்கி உட்கார்ந்தது.

மறுநாள் கீரி யானைக்கு இன்னொரு மனு எழுதியது. நேற்று மட்டும் தன்னை நாலு முறை விசாரணைக்கு இழுத்தவருக்குத் தடை விதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. எதிராளியின் பெயர் எழுதும் இடம் வந்ததும் நகம் நின்றது. பிறகு, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் பெயரையே எழுதியது.