அந்தக் காலத்து மூஞ்சி

“இந்த மூஞ்சி ஹிஸ்டாரிக்கலா இல்ல. வேணாம்.”

டைரக்டர் செந்தமிழ்செல்வன் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். அதன் திரையில் கொளஞ்சி, இடுப்பில் மான்தோலும் கழுத்தில் பாசிமணியுமாக, ஆதார் அட்டைக்குப் போட்டோ எடுப்பவரைப் போல விறைப்பாக நின்றிருந்தார். மான்தோல் என்பது டைரக்டர் வைத்த பெயர். கடலூரில் வாங்கும்போது அது கார் சீட் கவராக இருந்தது.

‘தேசத்தின் முதல் மனிதன்’ என்ற டி.வி. தொடருக்காக அந்த முந்திரித் தோப்பில் மூன்று நாளாகப் படப்பிடிப்பு. யாருக்கு வேஷம் போட்டாலும் உதவி டைரக்டர் வினோதினி ஒரு போட்டோ எடுத்துக் காட்ட வேண்டும். டைரக்டர் தலையசைத்தால்தான் அந்த ஆள் மூவாயிரம் வருஷம் பின்னால் போக முடியும்.

“சார், இது அவரோட தோப்பு. அவரு குழி வெட்டும்போதுதான் அந்த முதுமக்கள் தாழியே கெடச்சுது” என்றாள் வினோதினி.

“அதுக்கு டைட்டில்ல நன்றி போட்டுடலாம். மூஞ்சியப் பாரும்மா. மூக்கு சப்ப. கன்னத்து எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. தாடை வேற ஒரு பக்கமா கோணல். பாக்கறவன் நம்ப வேணாமா?”

பார்க்கிறவன் நம்ப வேண்டிய முகம் ஏ.சி. காரில் உட்கார்ந்து புரோட்டீன் பவுடர் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. பெயர் அருண்குமார். சென்னையில் மாடலிங். சிதம்பரத்தில் ரூம் போட்டு, தினமும் காலையில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தோப்பில் ஜிம் இருந்ததற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஆதாரம் கிடைக்கும்வரை காத்திருக்கிற வழக்கம் டைரக்டருக்கு இல்லை.

வேலிப் பக்கம் நின்றிருந்த கொளஞ்சி வினோதினியைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

“ஏம்மா, என்னா சொன்னாரு?”

“தாடி இருந்தா நல்லாயிருக்கும்னாரு அண்ணா.” அவளுக்குப் பொய் சுலபமாக வரவில்லை.

“ஒட்டிக்கிட்டாப் போச்சு. சிப்காட் கம்பெனில மூணு நாள் லீவு சொல்லிட்டு வந்துருக்கேன். அது கூடப் பரவால்ல. எம் பொண்ணு வெண்மதி சிதம்பரத்துல படிக்குது. எங்கப்பா டி.வி.ல வரப் போறாருன்னு ஹாஸ்டல் பூரா சொல்லி வச்சிருக்குது. அதுக்காகத்தான் கேக்கறேன். ஓரமா நின்னாக்கூடப் போதும்மா.”

தாடி ஒட்டி ஒரு போட்டோ போனது.

“தாடிக்குள்ள அதே மூஞ்சிதான இருக்கு” என்றார் டைரக்டர்.

தலைப்பாகை கட்டி இன்னொன்று போனது. டைரக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இந்த மண்ணுக்கே சம்பந்தம் இல்லாத ஆளு மாதிரி இருக்கான்மா இவன்.”

கடைசியில் கொளஞ்சிக்கும் ஒரு வேலை கிடைத்தது. அருண்குமாரின் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காகத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். நின்றார். ‘முதல் மனிதன்’ முந்திரி மரத்தைப் பார்த்து இது என்ன மரம் என்று கேட்டபோது, அட்டைக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னதும் அவர்தான்.

மதியம் சாப்பிடும்போது டைரக்டர் கேட்டார். “லேப் ரிப்போர்ட் என்னாச்சு?”

“சாயங்காலத்துக்குள்ள அனுப்பறாங்களாம் சார்.”

தாழியில் கிடைத்த எலும்புகளை ஆராய்ச்சிக்கு எடுத்துப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அருண்குமார் அஸ்தமன சூரியனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஒரு பார்வை பார்க்க வேண்டும்; அந்தப் பார்வைமேல் ரிப்போர்ட் விரிய வேண்டும்; தேசம் சிலிர்க்க வேண்டும். டைரக்டரின் திட்டம் அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்தது. அருண்குமார் மூன்று முறை கும்பிட்டார். மூன்றாவது ஓகே ஆனது.

கொளஞ்சி இன்னும் அட்டையை இறக்கவில்லை. “ஏம்மா, படத்துல எங் கையாச்சும் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டார். “ஒரு வெரலு தெரிஞ்சாலும் பொண்ணுகிட்டச் சொல்லிக்குவேன்.”

வினோதினி கேமரா இருந்த பக்கம் திரும்பினாள். அப்போது அவள் செல்போன் ஒலித்தது. திறந்து பார்த்தாள். நிமிர்ந்து கொளஞ்சியைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு நேராக டைரக்டரிடம் போய்த் திரையை நீட்டினாள்.

டைரக்டருக்கு வந்த கோபத்தில் மூக்குக்கண்ணாடி நழுவியது.

“உனக்கு எத்தன தடவ சொல்றது? தாடி ஒட்டிப் பாத்த. தலப்பா கட்டிப் பாத்த. இப்ப மொட்டையடிச்சு, மீசைய வழிச்சிட்டுக் கொண்டாந்து காட்டுற. எனக்குத் தெரியாதா? அதே சப்ப மூக்கு, அதே கோணத் தாடை. இருவது வருஷமா சரித்திரம் எடுக்கறேன். நான் சொல்றேன், இது அந்தக் காலத்து மூஞ்சியே கெடையாது.”

சத்தம் கேட்டு, தெர்மாகோல் அட்டைக்கு மேலே கொளஞ்சியின் தலை எட்டிப் பார்த்தது. தலை நிறைய முடியும், நரைத்த மீசையும் அப்படியே இருந்தன.

“இது கொளஞ்சி அண்ணன் இல்ல சார்” என்றாள் வினோதினி. “தாழியில இருந்த மண்டை ஓட்டுக்கு லேப்ல முகம் செஞ்சு அனுப்பியிருக்காங்க.”